பிறை ரொட்டியும் பப்ஸும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

பள்ளிகொண்டா என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதர். மற்றொன்று, நெடுஞ்சாலையில் உள்ள சுங்கச்சாவடி. மூன்றாவதாக ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். பெருமாளும் ஊராரும் உறங்கும் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் ஊரில் விளக்கெரியும் ஒரு சிறு பேக்கரி. சென்ற ஆண்டு முதல் நான் அங்கே வேலை செய்கிறேன். நான்கு மணி முதல் ஏழரை வரை மாவு. பிறகு குளியல், பேருந்து. பத்து மணிக்கு வேதியியல் வகுப்பு. வகுப்பில் நான் கொட்டாவி விட்டதைக் கண்ட ஆசிரியர் ஒருவர், "இரவெல்லாம் கைப்பேசியா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். மைதா மாவு என்று சொல்ல நாக்கு எழவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பொய்க்குப் பரிகாரமாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்தில் இதே பொய்யைச் சொன்னவர் இன்னொருவரும் உண்டு. என் பெரியம்மா புதுவையில் வாழ்க்கைப்பட்டவர். புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் ஆட்சிக்குள் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. பெரியப்பாவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. அவ்வழியில் அவர் மகன், என் அண்ணன், ஆறு ஆண்டுகளுக்கு முன் பாரிசுக்குப் போனார். 'ஓட்டல் நிர்வாகம்' என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவர் செய்வது பேக்கரி வேலை. ஒரு திருமணத்தில் இது வெளிப்பட்டபோது உறவினர் ஒருவர், "ரொட்டி சுடவா பாரிசுக்குப் போனான்? அதை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல சுட்டிருக்கலாமே!" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். இலையில் சோறு பிசைந்த என் கையில் அன்று காலைப் பன் மாவின் வாசம் இன்னும் போகாமல் இருந்தது.

அண்ணன் சுடும் ரொட்டிக்குப் பெயர் குருவாசான். எழுத்துக் கூட்டி 'குரோய்சன்ட்' என்று நான் படித்தபோது, தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பிறை என்று பொருள். பிறையின் உருவில் சுருட்டிச் சுட்ட, அடுக்கடுக்கான, வெண்ணெய் ரொட்டி அது. பிரான்சின் அடையாளமாக உலகம் கருதும் இந்த ரொட்டியின் வேர் பிரான்சில் இல்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருக்கிறது. அங்கே 'கிப்பெல்' என்ற பிறை வடிவ ரொட்டி பன்னெடுங்காலமாக உண்டு. 1830-களின் கடைசியில் ஆகஸ்ட் சாங் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி வியன்னாவிலிருந்து வந்து, பாரிசில் ரிஷ்லியூ தெருவில் வியன்னா பாணி ரொட்டிக் கடை ஒன்றைத் திறந்தார். பாரிஸ்காரர்கள் அந்த ரொட்டியில் மயங்கினர். இன்றும் இவ்வகைப் பண்டங்களுக்குப் பிரெஞ்சில் 'வியன்னாப் பண்டம்' என்ற பொருள்படும் பெயரே வழங்குகிறது. சாங் பின்னர் தாயகம் திரும்பி, 1848-இல் நாளேடு ஒன்றைத் தொடங்கினார். ரொட்டிக் கடைக்காரர் பத்திரிகை அதிபரானதை அந்த ஊரில் யாரும் பந்தியில் கேலி செய்ததாகத் தெரியவில்லை! 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது அவர்களது கொடியின் பிறையைக் கேலி செய்யவே இந்த ரொட்டி பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை.

பாரிசில் இறங்கிய அண்ணன் முதன்முதலில் தின்ற குருவாசான், பல்பொருள் அங்காடியில் பிளாஸ்டிக் பையில் ஆறாகக் கட்டி விற்றது. "நம்ம ஊர்ப் பன்னை மிதிச்சு வளைச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. இதுக்கா இவ்வளவு பேர்?" என்றார். வடக்கு இரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் இலங்கைத் தமிழர் கடைகளில் இட்லியும் வடையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். ஆகையால் அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆயினும், ஓர் ஊரில் வாழ்ந்துகொண்டு அந்த ஊர்க்காரர்கள் காலையில் எதற்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று அறியாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு நாள்களில் தெருத் தெருவாகத் தேடத் தொடங்கினார்.

இதற்கிடையில் அவருக்கு வேலை கிடைத்த முதல் கடையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்தக் கடையின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே குருவாசான் அட்டைப்பெட்டியில் உறைந்த நிலையில் வந்து இறங்கும். அண்ணனின் வேலை, பெட்டியைப் பிரித்து, தட்டில் அடுக்கி, அடுப்பில் தள்ளுவது. வாங்குகிறவர்கள் நல்ல மணம் என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அவருக்கு உடம்பு கூசுமாம். வீட்டில் 'ஓட்டல்' என்று பொய் சொல்ல நேர்ந்தது அந்த நாள்களில்தான் என்று பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டார். ரொட்டி சுடுவதற்காக அவர் வெட்கப்படவில்லை. சுடாமலேயே சுட்டதாகப் பெயர் வாங்குவதற்காக வெட்கப்பட்டார்.

பிரெஞ்சு அரசு இந்த ஏமாற்றைக் கவனிக்காமல் இல்லை. 1993 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை, 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்ற பெயரில் விற்பதை உறைய வைக்கக் கூடாது, கூட்டுப்பொருள்கள் சேர்க்கக் கூடாது என்று வரையறுத்தது. 1998 மே மாதம் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மாவைத் தாமே பிசைந்து, புளிக்க வைத்து, உருவாக்கி, விற்கும் இடத்திலேயே சுடுபவர் மட்டுமே கடையின் முகப்பில் 'புலான்ஷெரி', அதாவது ரொட்டிக்கடை, என்று எழுதிக்கொள்ளலாம். பெயர்ப்பலகையில் உள்ள ஒரு சொல்லுக்கு நாடாளுமன்றம் காவல் நிற்கிறது! ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் காவல் ரொட்டிக்கு மட்டுமே; குருவாசானுக்கு இல்லை. ரொட்டியைத் தானே பிசையும் கடைக்காரர், பக்கத்துத் தட்டில் பெட்டியில் வந்த குருவாசானை அடுக்கி வைத்தாலும் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆகவே பலகையைப் படித்தால் மட்டும் போதாது. பண்டத்தையும் படிக்கத் தெரிய வேண்டும்.

அதைப் படிப்பது எப்படி என்று சொல்லுமுன், அது எவ்வாறு உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பாடத்திற்கும் இதற்கும் உள்ள உறவு அங்கேதான் இருக்கிறது.

மைதா, பால், சிறிது சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்து மாவு பிசைகிறார்கள். மாவிலுள்ள இரு புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் மீள்வலையாகின்றன. மாவு இரவு முழுவதும் குளிரில் ஓய்வெடுக்கிறது. மறுநாள் அதைச் சதுரமாகத் தேய்த்து, தட்டையாக்கிய வெண்ணெய்ப் பாளத்தை நடுவில் வைத்து மூடுகிறார்கள். அதை நீளவாக்கில் தேய்த்து, நாம் கடிதத்தை மடிப்பது போல மூன்றாக மடிக்கிறார்கள். ஒரு வெண்ணெய்த் தாள் மூன்றாகிவிட்டது. குளிர வைத்து, மறுபடி தேய்த்து மடித்தால் ஒன்பது. மூன்றாம் முறை மடித்தால் இருபத்தேழு. பிறகு முக்கோணங்களாக வெட்டிச் சுருட்டி, ஈஸ்ட் வேலை செய்வதற்காக இரண்டு மணி நேரம் போல வைத்து, மேலே முட்டை தடவிச் சுடுகிறார்கள்.

அடுப்பினுள் நடப்பதே விந்தை. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். அந்நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அந்த ஆவி மாவுத் தாள்களைத் தூக்குகிறது. உருகிய கொழுப்பு ஒரு தாள் இன்னொரு தாளோடு ஒட்டாமல் காக்கிறது. ஈஸ்ட் உண்டாக்கிய கரியமில வாயுக் குமிழிகளும் விரிகின்றன. குளூட்டன் வலை இத்தனையையும் தாங்கி நின்று, அப்படியே இறுகிவிடுகிறது. மேற்புறத்தில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் விவரித்த வினை இது. தோசை முறுகுவதும் இதே வினையால்தான்.

மடித்து அடுக்கு உண்டாக்குவது நமக்குப் புதிதா? பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவி வீசி, சுருட்டித் தட்டுவது வேறென்ன? நாம் இடைவேளையில் வாங்கித் தின்னும் முட்டை பப்ஸ் குருவாசானுக்குப் பங்காளி முறை. அதிலும் மாவுக்கிடையே கொழுப்பு வைத்து மடிக்கிறோம். முறைப்படி ஆறு தரம் மூன்றாக மடித்தால் அடுக்கு 729 ஆகிவிடும். வேறுபாடு இரண்டுதான். பப்ஸ் மாவில் ஈஸ்ட் இல்லை; நீராவி ஒன்றே அதைத் தூக்குகிறது. ஆகவே பப்ஸ் நொறுங்கும். குருவாசான் வெளியே நொறுங்கி உள்ளே மெத்தென்று இருக்கும். மற்றொரு வேறுபாடு கொழுப்பு. நம் ஊர் பப்ஸில் இருப்பது பெரும்பாலும் மார்ஜரின்.

மார்ஜரின் வைப்பது விலை மலிவு என்பதற்காக மட்டுமன்று. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் முற்றும் உருகிவிடும். அதனுடன் வேலை செய்ய, உடையாமலும் வழியாமலும் களிமண் போல வளையும் பக்குவம் வேண்டும். அது ஏறத்தாழ 15 பாகையில்தான் கிடைக்கும். சித்திரையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயிலில் வெண்ணெயைத் தேய்க்கப் போனால் அது மேசையிலேயே நெய்யாகிவிடும்! மார்ஜரினின் உருகுநிலை அதைவிட உயர்ந்தது, நாற்பதை ஒட்டியது. எங்கள் மாஸ்டர் வேதியியல் படித்தவரல்லர். ஆனால் மேசையைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு இது தாங்காது" என்று சொல்வதில் அவரைத் தவறாகக் கண்டதில்லை. உயர்ந்த உருகுநிலைக்கு ஒரு விலையும் உண்டு. நம் வாயின் வெப்பம் 37 பாகை. வெண்ணெய் வாயில் முழுதும் கரைகிறது. மார்ஜரின் கரையாமல் மேலண்ணத்தில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பப்ஸ் தின்றதும் சூடாக டீ குடிக்கத் தோன்றுவது இதனால்தான் போலும். முன்பு இத்தகைய கொழுப்புகளில் இருந்த டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிய அச்சத்தினால், 2022 முதல் அது இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாதென்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ளது.

இப்போது பண்டத்தைப் படிக்கலாம். பிரான்சில் வெண்ணெய் குருவாசான் பெரும்பாலும் நேராகவும், மார்ஜரின் சேர்ந்த 'சாதா' குருவாசான் பிறையாக வளைந்தும் இருக்கும். பிறை என்ற பெயருக்குத் தகுந்த வடிவம் தரம் குறைந்ததற்கு வாய்த்திருப்பது வேடிக்கை. ஆனால் இது வழக்கமே தவிரச் சட்டமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தட்டில் உள்ளவை எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் அண்ணன் நகர்ந்துவிடுவார். கையால் சுருட்டியவற்றுள் ஒன்றிரண்டாவது கோணலாக இருக்கும். நிறம் வெளுத்திருந்தால் அவசரமாகச் சுட்டது. கையில் எடுத்தால் உருவத்தைவிட எடை குறைவாகத் தோன்ற வேண்டும். அடிப்புறம் எண்ணெயாகப் பிசுபிசுத்தால், மாவு பொங்கும்போதே வெண்ணெய் உருகி வழிந்துவிட்டது என்று பொருள். பிய்த்தால் சருகு மேசையெங்கும் சிதற வேண்டும். உள்ளே தேனடை போல ஒழுங்கில்லாத கண்ணறைகள் தெரிய வேண்டும். கண்ணறைகள் நெருங்கி ரொட்டி போல இருந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கடைசியாக வாய். விழுங்கிய பின் மேலண்ணத்தில் படலம் நிற்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்க்க வேண்டும்.

"விலையைப் பார்த்துப் போகாதே, கூட்டத்தைப் பார்த்தும் போகாதே" என்பது அவர் சொல்வது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கோபுரம் இருக்கும் இடத்தில் சேரும். அவர் தேடியது, காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நிற்கும் வரிசையை. நாள்தோறும் வருகிறவனை ஒரு கடைக்காரர் நெடுநாள் ஏமாற்ற முடியாது. நம் ஊரில் இட்லிக் கடை தேடுகிறவனுக்கும் இது பொருந்தும். அப்படித் தேடிய ஒரு கடையில்தான், பத்து மாதம் வாடிக்கையாளராக நின்ற பிறகு, அவர் வேலை கேட்டார், கிடைத்தது. இப்போது பாரிஸ் நேரப்படி இரவு மூன்று மணிக்கு மேசை முன் நிற்கிறார். நான் பேருந்துக்கு ஓடும் நேரம் அது. அந்த ஐந்து நிமிடத்தில் பேசிக்கொள்வோம்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். பாரிசின் அடுப்படிகளில் தமிழ்க் கைகள் நிரம்ப உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாகச் சென்றோர் பலர் உணவகங்களிலும் ரொட்டிக்கடைகளிலும் தொழில் கற்றனர். பாரிஸ் மாநகரம் சிறந்த 'பகெத்' எனப்படும் நீள் ரொட்டிக்கு ஆண்டுதோறும் பரிசு தருகிறது. 2023-இல் அப்பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர். இருபதாம் வட்டாரத்தில் பிரனே தெருவிலுள்ள அவர் கடைக்கு 4,000 யூரோ பரிசும், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமையும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 நவம்பரில், அந்த நீள் ரொட்டியைச் செய்யும் கைத்திறனை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்திருந்தது. அந்த மரபில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது ஒரு தமிழரின் கை. பந்தியில் கேலி செய்த உறவினருக்கு இச்செய்தியை அனுப்பி வைத்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார், வேறு சொல்லவில்லை.

படித்தது போதும், செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது புதுவையில்தான். பெரியம்மா வீட்டு விசேடத்திற்குப் போனபோது, புஸ்ஸி வீதியில் உள்ள 'பேக்கர் ஸ்ட்ரீட்' கடையில் முதன்முறையாகக் குருவாசான் தின்றேன். சட்டையெல்லாம் சருகு. அண்ணன் சொன்ன சோதனைகளை ஒன்று விடாமல் செய்து பார்த்ததில், அருகில் அமர்ந்திருந்தவர்கள் நான் சுகாதார ஆய்வாளரோ என்று பார்த்தார்கள். பிய்த்த பகுதியில் தேனடை தெரிந்தது.

அக்டோபரில் மாஸ்டரிடம் கேட்டேன். "காலேஜு, உனக்கு வேற வேலை இல்ல" என்றார். ஆனாலும் மேசையை ஒதுக்கித் தந்தார். வேலூரில் வாங்கிய உப்பில்லா வெண்ணெய் அரைக் கிலோவுக்கு என் இரண்டு நாள் கூலி போயிற்று. இரண்டாம் மடிப்பிலேயே வெண்ணெய் மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அடுப்பில் வைத்ததும் உருகித் தட்டில் தேங்கி, அந்த நெய்யிலேயே மாவு பொரிந்தது. கிடைத்தது குருவாசானும் அன்று, பப்ஸும் அன்று. ஏதோ ஒரு நெய் பன். மாஸ்டர் ஒன்றைத் தின்றுவிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு. பேர்தான் வேற வைக்கணும்" என்றார்.

மார்கழி வரை காத்திருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும் நேரம், வெளியே பனி. குளிர்பானம் வைக்கும் பெட்டியில் ஒரு தட்டை முதலாளி அனுமதியோடு காலி செய்து, ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் மாவை அரை மணி நேரம் அங்கே வைத்தேன். மேசை சூடேறாதிருக்கப் பனிக்கட்டி நிரப்பிய தட்டை அதன்மேல் வைத்துத் துடைத்தோம். உருளைக் கட்டையை மாஸ்டரே வாங்கிக்கொண்டார். "நீ அழுத்தற, இத அழுத்தக் கூடாது, தள்ளணும்" என்றார். பன்னிரண்டு உருவங்கள் அடுப்புக்குப் போயின. அவற்றில் ஐந்து சாய்ந்தன. மூன்றில் வெண்ணெய் கசிந்தது. நான்கு எழுந்து நின்றன.

அந்த நான்கில் ஒன்றை வீட்டிற்குக் கொண்டு போனேன். என் தந்தை தோல் ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர். பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருந்தவரல்லர். விரலால் தடவியே எது முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகன் மாவு பிசையப் போவது அவருக்கு இன்றளவும் பிடித்தமில்லை. படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்தேன்.

அவர் உடனே தின்னவில்லை. கட்டைவிரலால் முதுகை அழுத்தி, அது மீள்வதைப் பார்த்தார். திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். பிறகு மெதுவாகப் பிய்த்து, சன்னல் வெளிச்சத்தில் உள்ளே உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நல்லா பிரிஞ்சிருக்குது. இங்க பாரு, ஒட்டிக்கிச்சு. ஒரு பக்கம் சூடு பட்டிருக்கும்" என்றார். உண்மைதான். மேசையின் அந்த ஓரம் அடுப்பின் பக்கம் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

"ரெண்டாம் தரம்" என்று முடித்துவிட்டு, மீதியை அம்மாவிடம் நீட்டினார். "அடுத்தது எப்ப போடறீங்க?"